பிடித்த காசைக் கேட்க வாருங்கள், தோழர்களே!

தோழர்களே! உழவர்கரைத் தோழர்களே!

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருகிறவரே, கோரிமேட்டில் இரவுப் பணி பார்க்கிறவரே, தட்டாஞ்சாவடியில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிறவரே! நில்லுங்கள். இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஜூலை 31 வாசலுக்கு வந்துவிட்டது. சம்பளக்காரர் வருமான வரி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். நம் காசு உள்ளே மாட்டிக்கிடக்கிறது.

நேற்று இரவு ஒரு தோழர் தன் போனை என்னிடம் நீட்டினார். இ-ஃபைலிங் தளத்தில் அவருடைய வரிப்பிடித்த அறிக்கையான 26ஏஎஸ்-ஐத் திறந்தோம். மாதம் 18,000 ரூபாய். மாதம் 1,800 டிடிஎஸ் பிடித்தம். பன்னிரண்டு பதிவுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. விரலை வைத்து வைத்துக் கூட்டினார். 21,600 ரூபாய்!

வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானமே இல்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். ஒப்பந்தக்காரரின் கணக்கிலோ அவர் 'தொழில்முறைச் சேவை' தருகிறவர். நூற்றுக்குப் பத்து வெட்டிவிட்டார்கள். மூன்று ஆண்டுகளாக வெட்டிவிட்டார்கள். "நமக்கெதுக்கு வம்பு" என்று மூன்று ஆண்டுகளாக இவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தின் விலையைப் பாருங்கள். பழைய ஆண்டுகளின் காசுக்கு இனி தாமத மன்னிப்பு மனு எழுதி அலைய வேண்டும். இந்த ஆண்டின் காசு இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்டால் வரும். கேட்காவிட்டால் வராது. டிசம்பர் 31 தாண்டினால் தாமத ரிட்டர்ன் கதவும் சாத்தப்படும். அதற்குப் பிறகு போடும் புதுப்பித்த ரிட்டர்னில் (ஐடிஆர்-யு) ரீஃபண்ட் கேட்க முடியாது.

ஆகவே இன்றே செய்யுங்கள்!

26ஏஎஸ்-ஐயும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ஐயும் நீங்களே திறந்து பாருங்கள். படிவம் 16 வைத்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிடித்தது சம்பளம் என்ற கணக்கிலா, தொழில் வருமானம் என்ற கணக்கிலா? பாருங்கள். ரிட்டர்ன் படிவம் அதைப் பொறுத்து மாறும். வராத காசு வந்ததாக ஏஐஎஸ்-இல் இருந்தால் அங்கேயே மறுப்பைப் பதிவு செய்யுங்கள். புதிய வரிமுறை தானாகவே தேர்வாகி இருக்கும். பழைய முறை லாபம் என்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கைச் சரிபார்த்து உறுதி செய்யுங்கள். பான் கார்டில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றால் ரீஃபண்ட் நடுவழியில் நிற்கும்.

ரிட்டர்ன் போட்டதும் எழுந்து போகாதீர்கள்! 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து இ-சரிபார்ப்பு செய்யுங்கள். செய்யாத ரிட்டர்ன் செல்லாத ரிட்டர்ன்.

பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் இ-ஃபைலிங் கணக்கில் இருக்கும் போன் எண் உங்களுடையதா, ஏஜெண்டுடையதா? இன்றே பாருங்கள். 2025 ஜூலை 14 அன்று நாடெங்கும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்த ஏஜெண்டுகளைத் தேடிய சோதனை அது. ஏஜெண்ட் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டீஸ் நம் பெயருக்கு வரும். நம் வீட்டுக்கு வரும்.

"தளம் வேலை செய்யவில்லை, நான் என்ன செய்வேன்?" என்று கைவிரிக்காதீர்கள், தோழர்களே! தளம் திணறுவது புதிதல்ல. 2021 ஜூன் 7 அன்று புதிய தளம் திறந்தார்கள். இன்ஃபோசிஸ் கட்டிய தளம். திறந்த நாளே புகார் குவிந்தது. ஆகஸ்டில் நிதியமைச்சர் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை அழைத்து விளக்கம் கேட்டார். கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. 2025 செப்டம்பர் 15 இரவும் நாடெங்கும் அதே குரல். இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். குரல் எழுந்தது, தேதி நகர்ந்தது.

2024-ஐ நினைத்துப் பாருங்கள்! ஜூலை 5 அன்று மென்பொருளை மாற்றினார்கள். பங்குகளில் குறுகிய கால லாபம் பார்த்த சிறு வருமானக்காரர்கள் 87ஏ வரித் தள்ளுபடியைக் கேட்கவே முடியாதபடி பெட்டி அடைபட்டது. மும்பையின் வரி ஆலோசகர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். கோரிக்கை வைப்பதையே மென்பொருள் தடுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. திரை சொல்வதெல்லாம் சட்டம் ஆகிவிடாது, தோழர்களே!

ஆகவே திரை நின்றால் படம் பிடியுங்கள். தேதியும் நேரமும் தெரியப் பிடியுங்கள். தளத்திலேயே புகார் பதியுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். கணினியில் மென்பொருள் இறக்கி வேலை செய்கிறீர்களா? புதிய பதிப்பா என்று தினமும் பாருங்கள். பழைய பதிப்பில் நிரப்பியதைத் தளம் திருப்பி அனுப்பும்.

இது நம் மண்ணுக்குப் புதிய பாடமா? 1936 ஜூலை 30. சவானா மில் வாசல். பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை. அடுத்த ஆண்டே அது சட்டமானது. உயிரைக் கொடுத்துக் கேட்டவர்களின் ஊர் இது. நம்மிடம் யாரும் உயிர் கேட்கவில்லை. ஒரு மாலை கேட்கிறோம். ஒரே ஒரு மாலை!

வாருங்கள்! ஞாயிறு மாலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பான், ஆதார், பாஸ்புக், ஓடிபி வரும் போன். நான்கையும் எடுத்து வாருங்கள். தெரிந்த ஒருவர் தெரியாத மூவரோடு உட்காருவார். நிரப்பிக் கொடுக்க மாட்டோம். அவரவர் விரலால் அவரவர் நிரப்பப் பக்கத்தில் இருப்போம். கதிர்காமத்திலும் ஒரு மேசை போடுவோம். மூலக்குளத்தில் ஒரு மேசை போடுவோம். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மேசை போடுவோம். 21,600 ரூபாய்த் தோழர் முதல் நாற்காலியில் இருப்பார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அது உங்களுக்கு.

ஜூலை 30 காலை தியாகிகளுக்கு மாலை போடுவோம். அன்று இரவுக்குள் நம் தெருக்களில் ஒரு ரிட்டர்னும் பாக்கி இருக்கக் கூடாது.

எழுந்து வாருங்கள், தோழர்களே!