ஆர்முக்குப் போட்டியாக ரிஸ்க்-ஃபைவ்

கைப்பேசி என்றால் ஆர்ம். மேசைக் கணினி என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி. சில்லுச் சந்தையில் பல ஆண்டுகளாக இதுதான் நிலவரம். ஆர்ம் வடிவமைப்பைத் தொட்டால் உரிமக் கட்டணம். இன்டெலின் எக்ஸ்86 வடிவமைப்பு வெளியாருக்குக் கிடைப்பதே அரிது.

2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் இந்தக் கணக்கை மாற்றப் பார்க்கிறது. மென்பொருளும் செயலியும் பேசிக்கொள்ளும் கட்டளைத் தொகுப்பு அது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். (சில்லை அச்சேற்றும் செலவு மட்டும் யாரையும் விடாது.)

சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகள் இந்த வழியில் வந்தவைதான். இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சில்லு, சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசுக் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. 2025 பிப்ரவரியில் அது வெற்றிகரமாக இயங்கிய செய்தி வந்தது. 180 நானோமீட்டர் பழைய சரக்குதான். ஆனால், விண்கலத்துக்கு வேகத்தைவிட நம்பகமே முக்கியம்.

ரிஸ்க்-ஃபைவுக்கு உண்மையான முட்டுக்கட்டை மென்பொருள். டெபியன் லினக்ஸ் 2025இல் ரிஸ்க்-ஃபைவை முறைப்படி ஏற்றது. விண்டோஸ் இன்னும் வரவில்லை. பல ஆண்டுகளாக எக்ஸ்86க்கு எழுதிக் குவித்த நிரல்களை ஒரே நாளில் மாற்ற முடியுமா?

அதேநேரம், என்விடியா தன் வரைகலைச் சில்லுகளுக்குள் கட்டுப்பாட்டு வேலைக்கு ரிஸ்க்-ஃபைவைத்தான் வைத்திருக்கிறது. பயனருக்கு அது தெரிவதே இல்லை. இப்படிக் கண்ணில் படாத சின்னச் சில்லுகளில் ஆர்முக்கு நெருக்கடி தொடங்கிவிட்டது. மடிக்கணினியில் இன்டெலை அசைக்க இன்னும் நெடுங்காலமாகும்.