சேட்டனுக்குத் தடித்த எழுத்து, தம்பிக்கு மெலிந்த எழுத்தா?

உருண்டு திரண்ட எழுத்து மலையாளத்துக்கே இயல்பானது. தமிழ் எழுத்து கோடும் கோணமுமாக நிற்பது. அதைப் பருமனாக்கினால் அழகு கெடும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத்தில் இருமொழிப் பலகை பற்றிப் பேச்சு எழும்போது முன்வைக்கப்படும் வாதம் இது. வரலாறும் இதற்குத் துணை நிற்கவில்லை, எழுத்துருக் கலையும் துணை நிற்கவில்லை.

எல்லைக்கு அப்பால் முன்சிறைக்கு அருகில் உள்ளது பார்த்திவசேகரபுரம். அங்குக் கோயிலும் சாலையும் நிறுவிய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு கி.பி. 866-ஐச் சேர்ந்தது. அதன் தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு ஒரு மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை மற்றொரு மாநிலத்துக்கும் போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்த மண்ணில் தமிழ் வட்டமாகத்தான் எழுதப்பட்டது. வளைவு தமிழுக்கு இரவல் அன்று.

நிகழ்காலச் சான்று இன்னும் எளியது. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் உருவாக்கிய ‘பாலூ’ தடித்த, உருண்ட தலைப்பு எழுத்துரு. அதன் மலையாள வடிவத்தின் பெயர் ‘சேட்டன்’. தமிழ் வடிவத்தின் பெயர் ‘தம்பி’. இரண்டுக்கும் ஒரே பருமன், ஒரே மென்மையான முனை, ஒரே குரல். இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆகவே, பலகையில் சேட்டன் கொழுத்தும் தம்பி மெலிந்தும் நிற்பதற்கு எழுத்துருப் பஞ்சம் காரணம் ஆகாது. அது பலகை எழுதுவிப்பவரின் தேர்வு.

அதற்காகத் தடித்த எழுத்தை எங்கும் அப்பிவிடுவதும் தீர்வு அன்று. அது கடைப் பெயருக்கும், திருமணப் பதாகைக்கும், திரைப்படத் தலைப்புக்கும் உரியது. சிறிய அளவில் அச்சிட்டால் ‘ண’வின் சுழிகள் அடைபடும், நெடில் கொம்பின் மேற்சுழி மறைந்து ‘பேறு’ என்பது ‘பெறு’ ஆகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். பத்தி பத்தியாக நீளும் அரசு அறிவிப்புக்குத் திறந்த உள்வெளியுடைய நூல் எழுத்துருவே வேண்டும். தலைப்பில் சமப் பருமன், உரையில் சமத் தெளிவு: கேட்கப்படுவது இவ்வளவே.

இது வெறும் அலங்காரச் சண்டை என்று ஒதுக்குவோர் உண்டு. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமைகளோடும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று சட்டம் ஒப்பிய பின், அரசு தமிழில் எழுதும்போது அது கண்ணில் படவேண்டாமா? பேருந்தின் சன்னலிலிருந்து படிக்க முடியாத தமிழ், பலகையில் இருந்தும் இல்லாததே. மொழிக்கு இடம் கொடுத்ததாகக் கணக்குக் காட்ட அது உதவும். ஊர் தேடி வரும் தமிழருக்கு உதவாது.

எழுத்துரு வடிவமைத்தவர்கள் சேட்டனையும் தம்பியையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். பலகை நடுகிறவர்கள் அதைக் குலைக்காமல் இருந்தால் போதும்.