டிக்கெட் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கடையநல்லூரில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். விடுப்பில் ஊர் வரும் இளைஞர் கல்யாணத்துக்கு முன் முடி நட்டுக்கொள்ள நெல்லைக்கோ மதுரைக்கோ கிளம்புகிறார். வந்த வாரமே சிகிச்சை முடிந்தால்தான் வீக்கமும் பொருக்கும் மறைந்து நாலு பேர் முன் நிற்க முடியும். அவருடைய அவசரம் முடி நடும் மருத்துவர்களான நமக்கும் தொற்றிக்கொள்கிறது. புகைப் பழக்கம் பற்றிய கேள்வி படிவத்தின் ஒரு கட்டத்தோடு முடிந்துவிடுகிறது.

நட்ட கிராஃப்டுக்கு முதல் சில நாட்கள் இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுநீரை உறிஞ்சித்தான் தாக்குப்பிடிக்கிறது. நுண்குழாய்கள் பிறகுதான் வந்து சேர்கின்றன. அந்த நேரத்தில் நிக்கோட்டின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. நாமும் நம் பங்குக்கு அட்ரினலின் செலுத்தி, துளைகளை நெருக்கிப் போடுகிறோம். நடு உச்சியில் தோல் கருநீலமாகி, விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் திரும்பத் தாமதமானால் மேற்கொண்டு நடாமல் நிறுத்துங்கள். அதை மீறி நட்ட இடம் சில நாளில் கறுத்து, பொருக்குத் தட்டி, தழும்பாகலாம். தழும்பில் மறுபடி நட்டாலும் அதே விளைச்சல் கிடைக்காது. பின்னந்தலையிலிருந்து எடுத்தது எடுத்ததுதான். அங்கே மறுபடி முளைக்காது.

2012-இல் வெளியான சோரன்சனின் தொகுப்பாய்வு பலவகை அறுவை சிகிச்சைகளைச் சேர்த்துப் பார்த்தது. புகைப்பவர்களிடம் திசு அழுகலுக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். நான்கு வாரமாவது நிறுத்தியவர்களுக்குக் காயத் தொற்று குறைந்தது. 2007-இல் தைவானில் 740 ஆண்களிடம் நடந்த ஆய்வு, நாளுக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர்களிடம் வழுக்கை தீவிரமாக இருப்பதைக் காட்டியது. நட்ட முடியோடு, மிஞ்சியிருக்கும் சொந்த முடியையும் சேர்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

கேட்கும் விதமும் மாற வேண்டும். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றால், பீடி பிடிப்பவர் இல்லை என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யல்ல. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றியே குடும்பங்கள் நடக்கும் வட்டாரம் இது. பீடி லேசானது என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. அது தவறு. நிக்கோட்டினிலும் கார்பன் மோனாக்சைடிலும் பீடி சிகரெட்டுக்குச் சளைத்ததல்ல. ஷீஷா, வேப், வாயில் அடக்கும் ஹான்ஸ் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வாப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்தால் உண்மை வராது. தனியே அழைத்துக் கேளுங்கள்.

முன்னும் பின்னும் நான்கு வாரம் புகையிலை கூடாது என்பதே என் நிலைப்பாடு. முடியாதவருக்கு நிக்கோட்டின் பட்டை கொடுக்கலாம். நிக்கோட்டின் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடாவது இல்லை. நிறுத்தாமலே வந்து நிற்பவரை அடுத்த விடுப்புக்குத் தள்ளிப்போடுங்கள். அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் முழு முடிவு தெரிய ஓராண்டு ஆகும். அன்று துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் போன் அழைப்பிலேயே, அவர் விமான டிக்கெட் போடுவதற்கு முன், இந்தக் கேள்வியைக் கேளுங்கள். புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. அதை உங்கள் முன்பதிவுச் சீட்டில் அச்சிட்டுக் கொடுங்கள்.