அடைத்த பல்லில் மீண்டும் சூத்தை ஏன்?



கித்துல்கலயில் நான் கொழுந்து பறித்த காலத்தில் கடைவாய்ப் பல்லொன்றை வெள்ளைப் பசையால் அடைத்தார்கள். இரண்டு வருடத்தில் அதே பல் வலித்தது; பிடுங்க வேண்டியதாயிற்று. பல்லும் போய், அன்றைய சம்பளமும் போனது.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தப் பசை இறுகும்போது சற்றுச் சுருங்கும். அந்த மயிரிழை இடைவெளியில் கிருமிகள் புகுந்து, நாம் உண்ணும் சீனியை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும்.

இதைத் தடுக்க, வெள்ளி, துத்தநாக ஒட்சைட்டு ஆகியவற்றின் மிக நுண்ணிய நனோ துணிக்கைகளைப் பசையில் கலந்து ஆராய்கிறார்கள். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். துணிக்கை சிறுக்கச் சிறுக்கக் கிருமியில் படும் பரப்புக் கூடும், சிறிதளவே போதும். ஆனால் வெள்ளி கூடினால் அடைப்பு கறுக்கும். பெரும்பாலான முயற்சிகள் இன்னும் ஆய்வுகூடத்தில்தான்.

வெள்ளியும் புளோரைட்டும் சேர்ந்த பூச்சு மருந்து ஏற்கனவே உண்டு. அது சூத்தையைப் பரவாமல் நிறுத்தும். பூசிய இடம் கறுக்கும். 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது பல்லைக் கவனிக்க எவருக்கு நேரம் இருந்தது? இப்போது கவனிப்போம். புளோரைட்டுப் பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்குங்கள். தேநீரில் சீனியைக் குறையுங்கள். அடைத்த பல்லையும் வலி வருமுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் காட்டுங்கள். என் பல் போய்விட்டது, உங்களுடையது இருக்கட்டும்.