பச்சைக் குழந்தைக்கு மஞ்சள்: பாராமல் விடலாமா?

குழந்தை பிறந்து மூன்றாம் நாள். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள், "தங்க விக்கிரகம் மாதிரி இருக்கிறதே!" என்று கொஞ்சுகிறார்கள்.

அந்தத் தங்க நிறம் மஞ்சள் காமாலையாக இருக்கலாம்.

இதைக் கேட்டு உடனே நடுங்க வேண்டாம். நிறைமாதத்தில் பிறக்கும் 10 குழந்தைகளில் சுமார் 6 குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் இந்த மஞ்சள் வருகிறது. குறைமாதக் குழந்தைகளில் 10-க்கு 8 குழந்தைகளுக்கு வருகிறது. பெரும்பாலும் அது தானாகவே இறங்கிவிடும். "எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதுதான்" என்று பாட்டிமார் சொல்வதும் அதனால்தான்.

பாட்டி சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

மஞ்சள் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். தாக்கிக் கெட்டுப்போன மூளையை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே கவனித்தால் தடுத்துவிடலாம்!

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் பழசாகி உடையும்போது 'பிலிருபின்' என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. பிறந்த குழந்தைக்குச் சிவப்பு அணுக்கள் அதிகம். கல்லீரலோ இன்னும் முழு வேலைக்குப் பழகவில்லை. அதனால் மஞ்சள் தேங்கி, கண்ணிலும் தோலிலும் படிகிறது.

எல்லை தாண்டினால் அது மூளைக்குள்ளும் புகுந்துவிடும். உடல் அசைவை நடத்தும் பகுதியைக் கெடுக்கும். காது கேட்கும் நரம்புப் பாதையையும் கெடுக்கும். உயிர் பிழைத்தாலும், அந்தப் பிள்ளை கை கால் முறுக்கிக்கொண்டு, நிற்க முடியாமல், காது கேளாமல் வளர நேரிடும். புத்தி தெளிவாக இருந்தும் பேச வராமல் தவிக்கும் பிள்ளைகளும் உண்டு.

தாயின் ரத்த வகையும் குழந்தையின் ரத்த வகையும் ஒத்துப்போகாவிட்டால் மஞ்சள் வேகமாக ஏறும். குறைமாதக் குழந்தைக்கும், பால் சரியாகக் கிடைக்காத குழந்தைக்கும் ஆபத்து அதிகம். சில குழந்தைகளுக்குச் சிவப்பு அணுக்களில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும். பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் இருந்து எடுத்த துணியைப் போர்த்தினால்கூட அவர்களுக்கு அணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறும்.

நர்சு கண்ட அதிசயம்

1956-ம் ஆண்டு. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்போர்டு ஆஸ்பத்திரி. அங்கே குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து வந்தவர் ஜீன் வார்டு என்ற நர்சு. நல்ல வெயில் நாட்களில் அவர் குழந்தைகளை வெளி முற்றத்துக்குக் கொண்டுபோவார். காற்றும் வெளிச்சமும் பட்டால் நல்லது என்பது அவர் நம்பிக்கை.

ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி டாக்டர்களிடம் காட்டினார். உடம்பு முழுவதும் மஞ்சள் வெளுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள் அப்படியே இருந்தது! ஏதோ மருந்து பூசியிருப்பதாக டாக்டர் நினைத்தார். விஷயம் அதுவல்ல. துணியின் ஓரம் மூடி இருந்ததால் அந்த இடத்தில் வெயில் படவில்லை.

பிறகு, வெயில் பட்ட இடத்தில் வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தபோது அதிலும் மஞ்சள் குறைந்திருந்தது. வெளிச்சத்துக்கு மஞ்சளைக் குறைக்கும் சக்தி உண்டு என்பது விளங்கியது. டாக்டர் கிரீமரும் உடன் வேலை செய்தவர்களும் விளக்குகளை வைத்துச் சிகிச்சை செய்து, 1958-ல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் நீல வெளிச்சச் சிகிச்சை பிறந்த கதை இதுதான்.

நீல வெளிச்சம், தோலில் உள்ள மஞ்சளை நீரில் கரையும் பொருளாக மாற்றுகிறது. அது மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். ஊசி இல்லை, கத்தி இல்லை. குழந்தையின் கண்ணை மூடி, உடம்பில் வெளிச்சம் படும்படி படுக்க வைப்பார்கள். அதற்கும் அடங்காத மஞ்சளுக்கு, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவார்கள்.

வீட்டு வெயில் போதுமா?

"வெயில்தானே மருந்து? வாசலில் காட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. வெயிலை அளந்து கொடுக்க முடியாது. தோல் சுடும், அல்லது துணி இல்லாத குழந்தைக்குக் குளிர் தாக்கும். எல்லாவற்றையும்விட, வெயில் காட்டிக்கொண்டே இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாளில் மூளை கெட்டுவிடலாம்.

கீழாநெல்லி அரைத்துப் புகட்டுவது, மந்திரிப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். பால் குடித்தால் மலம் போகும். மலத்தோடு மஞ்சளும் போகும்.

எப்போது ஓட வேண்டும்?

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால்—

உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால்—

குழந்தை பால் குடிக்காமல், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால்—

கீச்சென்று வீறிட்டு அழுதால், உடம்பை வில்லாக வளைத்தால், வலிப்பு வந்தால்—

ராத்திரியா, பகலா என்று பார்க்காதீர்கள். தீட்டு, நல்ல நாள் என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் மஞ்சள் போகாவிட்டாலோ, மலம் வெள்ளையாகப் போனாலோ, அது கல்லீரல் நோயாக இருக்கலாம். அதையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

யார் பொறுப்பு?

மஞ்சள் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் 3-ம் நாளில் இருந்து 5-ம் நாளுக்குள். அதற்குள் பல குழந்தைகள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஆபத்து வரும் நேரத்தில் அருகில் டாக்டர் இல்லை, தாய்தான் இருக்கிறாள்.

ஆகவே, மஞ்சளைச் சோதிக்காமல் எந்தக் குழந்தையையும் ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது; கருத்த குழந்தைக்கு மஞ்சள் தெரிவதே கடினம். மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் தாய்மார்கள் கேட்டு வாங்க வேண்டும். இது அவர்கள் உரிமை.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. முதல் வாரம் முழுவதும், தினமும் ஒரு தடவை, குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். தோலை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். உள்ளங்காலைப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

அன்று ஒரு நர்சு உற்றுப் பார்த்தார். உலகத்துக்கே ஒரு சிகிச்சை கிடைத்தது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உற்றுப் பார்த்தால், ஒரு பிள்ளை ஓடியாடி, "அம்மா" என்று அழைக்கும் குரல் கிடைக்கும்.