ஆகாயத்திலும் வரிசை வேண்டும்!

ஆகாயம் பரந்தது. அவ்வளவு பெரிய வெளியில் இரண்டு சிறிய விமானங்கள் எப்படி மோதிக்கொள்ளும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் மோதிக்கொள்கின்றன. நட்டநடு வானில் அல்ல. பெரும்பாலும் விமான நிலையத்தின் வாசலிலேயே மோதுகின்றன!

காரணம் எளிது. திருவிழாவுக்கு வருகிறவர்கள் எட்டுத் திசையிலிருந்து வந்தாலும், கோவில் வாசலில்தான் நெருக்கடி. அதேபோல, எங்கெங்கோ பறக்கும் விமானங்கள் எல்லாம் கடைசியில் ஒரே ஓடுபாதையில்தான் இறங்க வேண்டும்.

கோபுரம் இல்லாத நிலையங்கள்

பெரிய விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கும். யார் முதலில் இறங்குவது, யார் காத்திருப்பது என்று அங்கிருந்து உத்தரவு வரும். ஆனால் அமெரிக்காவில், பொதுமக்கள் பயன்படுத்தும் சுமார் 5 ஆயிரம் விமான நிலையங்களில் ஏறக்குறைய 500-ல்தான் கோபுரம் உண்டு. மற்ற இடங்களில் விமானிகளே தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து, நீண்ட சதுரம்போல் சுற்றி வந்து இறங்க வேண்டும். உயரம், தரையிலிருந்து சுமார் 1,000 அடி. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், எல்லாரும் இடது பக்கமே திரும்ப வேண்டும். 10 மைல் தூரத்தில் இருக்கும்போதே ரேடியோவில் வருகையைச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்ல வேண்டும்.

வாட்சன்வில் விபத்து

கலிபோர்னியாவில் உள்ள வாட்சன்வில் விமான நிலையத்தில் கோபுரம் கிடையாது. 2022 ஆகஸ்டு 18 அன்று பிற்பகல், அங்கே ஒரு சிறிய செஸ்னா 152 விமானம் இந்த முறைப்படி சுற்றி வந்தது. அப்போது இரட்டை என்ஜின் கொண்ட செஸ்னா 340 விமானம், சுற்றி வராமல் நேராகவே இறங்க வந்தது. அதன் வேகம் மணிக்கு சுமார் 200 மைல். சிறிய விமானத்தின் வேகம் அதில் பாதிகூட இல்லை.

இரண்டு விமானிகளும் ரேடியோவில் பேசினார்கள். பெரிய விமானி, ஒரு மைல் தூரத்தில் இருப்பதாக அறிவித்தார். அந்த வேகத்தில் ஒரு மைலைக் கடக்க 20 விநாடி போதும்! பின்னால் வருவது வேகமாக நெருங்குவதைக் கண்ட சிறிய விமானி, தான் இறங்காமல் மேலே போய்விடுவதாகச் சொன்னார். அதற்குள் மோதல் நடந்துவிட்டது. மூன்று உயிர்கள் போயின.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. பெரிய விமானத்தின் விமானி, சிறிய விமானத்தைப் பார்த்து விலகத் தவறியதே காரணம் என்று முடிவு கூறியது.

கேட்டால் போதாது

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ரேடியோவில் கேட்பது வேறு. கண்ணால் பார்ப்பது வேறு. பேச்சு, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். பார்க்க வேண்டியது கண்தான். கோபுரம் இல்லாத பல நிலையங்களுக்கு ரேடியோவே இல்லாத விமானமும் சட்டப்படி வரலாம்!

பார்ப்பதும் சுலபமல்ல. இறக்கை மேலே உள்ள விமானத்தில் மேல்புறம் மறைந்துவிடும். இறக்கை கீழே உள்ளதில் கீழ்ப்புறம் மறைந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இறங்கினால், இருவருக்கும் மற்றவர் தெரியாமல் போகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. மோத வருகிற விமானம் கண்ணாடியில் நகராமல், ஒரே இடத்தில் ஒரு புள்ளிபோல் நிற்கும். நகராத பொருளைக் கண் எளிதில் கவனிக்காது. புள்ளி பெரிதாகத் தெரியும்போது நேரம் இருக்காது.

யார் விட்டுக் கொடுப்பது?

தாழ இருக்கும் விமானத்துக்கு முதலில் இறங்க உரிமை உண்டு. ஆனால் அதைச் சாக்காக வைத்து மற்றவர் முன்னால் குறுக்கே புகக் கூடாது. முந்த வருகிறவர்தான் விலக வேண்டும். அமெரிக்கச் சட்டம் சொல்வது இது. நேராக வந்து இறங்குவதற்கு அங்கே தடை இல்லை. ஆனால் சுற்றி வருகிறவர்களின் வரிசையைக் குலைக்கக் கூடாது என்று அரசாங்கமே அறிவுறுத்துகிறது.

அறிவுரையை ஏற்பது விமானியின் கையில் இருக்கிறது. முன்னால் ஒருவர் சுற்றுகிறார் என்று காதில் விழுந்ததுமே வேகத்தைக் குறைக்க வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றால், இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு விலகிப் போக வேண்டும். பிறகு வரிசையில் சேர்ந்து வர வேண்டும்.

இன்னொரு சுற்றுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். கொஞ்சம் பெட்ரோலும் செலவாகும். போனால் வராத உயிருக்கு அது பெரிய விலையா?