எழுத்து யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்?

தாராவியின் 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் இப்போது அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. கைப்பேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர் வருகிறார். சாக்கடை ஓரமாகப் பேசிக்கொண்டே நடக்கிறார். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணைப் படம் பிடிக்கிறார். படம் சரியாக விழவில்லையென்றால் இன்னொரு முறை குடத்தைத் தூக்கச் சொல்கிறார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அன்றிரவே "ஆசியாவின் மிகப் பெரிய சேரி" என்ற தலைப்போடு அது உலகம் சுற்றுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணப்படுகிறது. விளம்பரப் பணம் வருகிறது. அந்தப் படம் எங்கே போயிற்று என்பதோ, தன்னைப் பற்றி அதில் என்ன சொல்லப்பட்டது என்பதோ அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

அதே சந்தில் இன்னொரு வகை எழுத்தும் உண்டு. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் ஒரு பெண், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தன் தாத்தா தோல் பதனிடும் ஆலையில் நின்று உழைத்த கதையை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பாள். அதைப் படித்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஆனால், அதில் ஒரு செய்தி தவறாக இருந்தால் மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, "அப்படி இல்லம்மா, ஆலைக்கு அப்புறந்தான் எங்க வீடு வந்துச்சு" என்று திருத்திவிடுவார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை. நோட்டுப் புத்தகம் புனிதமும் அன்று, கைப்பேசி பாவமும் அன்று. எழுதுகிறவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. முதலாமவர் விளம்பரதாரருக்குக் கணக்குக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணோ தன் சந்துக்குக் கணக்குக் கொடுக்கிறாள்.

எழுத்துக்குக் கூலி வாங்குவதை நாம் குறை சொல்லவில்லை. லண்டனில் வறுமையில் உழன்ற காலத்தில் மார்க்ஸ் 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' ஏட்டுக்கு எழுதி ஊதியம் பெற்றார். இந்தியாவைப் பற்றிய அவருடைய 1853ஆம் ஆண்டுக் கட்டுரைகள் அந்த ஏட்டில் வெளிவந்தவையே. ஆனால் அதற்கு முன்பே, 1842இல் பத்திரிகைச் சுதந்திரம் குறித்து எழுதியபோது, பிழைப்புக்காகக் கூலி பெறுவதையும் பிழைப்பையே எழுத்தின் நோக்கமாக்கிக்கொள்வதையும் அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தார். ஏடு வெறும் வணிகமாகிவிட்டால், தணிக்கை அதிகாரி வந்து கதவைத் தட்டாமலே அதன் சுதந்திரம் போய்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த நகரமே அதற்குச் சாட்சி. 1920 ஜனவரியில் டாக்டர் அம்பேத்கர் பம்பாயில் 'மூக்நாயக்' ஏட்டைத் தொடங்கினார். கோலாப்பூர் சாகு மகாராஜா அளித்த 2,500 ரூபாய் உதவியே அதற்கு முதல். அந்த ஏட்டின் வருகையை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடக்கூட அன்றைய 'கேசரி' மறுத்துவிட்டது. சந்தைக்குச் சாதி தெரியாது என்று சொல்பவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை நினைவில் கொள்வது நல்லது. 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்' ஏட்டை நடத்தியபோது அதன் பத்திகளில் பெரும்பகுதியை அம்பேத்கர் தாமே எழுத வேண்டியிருந்தது. ஊதியத்துக்காக எவரும் அப்படி எழுத மாட்டார்கள்.

நம் இயக்கத்தின் மரபும் அதுவே. தோழர் அண்ணாபாவ் சாத்தே முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். சாங்லி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு நடந்தே பம்பாய் வந்து, ஆலைத் தொழிலாளியாக உழைத்தவர். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில்தான் அவருடைய படைப்பு வாழ்க்கை தொடங்கியது. தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, அந்தக் குடியிருப்பைப் படுத்திய கொசு! இரவெல்லாம் கொசுக்கடியில் தூங்காத தொழிலாளிகளின் முன்னால் கொசுவைப் பற்றியே அவர் பாட்டுக் கட்டிப் பாடினார். கேட்டவர்கள் சிரித்தார்கள், இந்தக் குடியிருப்பில் ஏன் இத்தனை கொசு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் 'லால் பாவ்டா' கலைக்குழுவை அமைத்தார். 1969இல் அவர் மறைந்தபோது சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்று அவர் பெயரில் சாலைகளும் சிலைகளும் இருக்கின்றன.

தமிழிலும் இத்தகைய மனிதர்களுக்குக் குறைவில்லை. 1955இல் 'சரஸ்வதி'யைத் தொடங்கிய வ. விஜயபாஸ்கரனும், 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் கைப்பொருளை இழந்துதான் இதழ் நடத்தினார்கள். செல்லப்பாவின் அரசியல் நம் அரசியல் அன்று. ஆயினும், நூல்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்ற அந்த மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது. வாரந்தோறும் நம் ஏட்டைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் செல்லும் தோழர்களுக்கு அந்தச் சுமையின் எடை தெரியும்.

ஆனால், மனத்திலிருந்து வருவதெல்லாம் நல்ல எழுத்தாகிவிடுமா? சமூகத்துக்காக எழுதுகிறேன் என்று சொல்வதெல்லாம் சமூகத்தின் எழுத்தாகிவிடுமா? பம்பாய்த் தமிழர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள். 1960இல் தொடங்கப்பட்ட 'மார்மிக்' வார ஏடும் தன் மக்களுக்காகப் பேசுவதாகத்தான் சொல்லிக்கொண்டது. அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அது வெளியிட்டது. அந்தப் பட்டியல்களின் மேல்தான் 1966இல் சிவசேனா எழுந்தது. தென்னிந்தியர்களின் உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. மாட்டுங்காவின் எழுத்தர்களும் தாராவியின் தொழிலாளிகளும் ஒரே வசைச் சொல்லுக்கு ஆளானார்கள். பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூன் 5 அன்று படுகொலை செய்யப்பட்டார். உண்மையான வேலையின்மைக் கோபத்தை முதலாளியின் பக்கம் திருப்பாமல் பக்கத்து வீட்டுக்காரன்மேல் திருப்பிவிடுவதற்கும் எழுத்து பயன்படும் என்பதே அந்த ஆண்டுகள் கற்பித்த பாடம். இன்று அதே வெறுப்பைச் சமூக ஊடக நிறுவனங்கள் பணமாக்குகின்றன. கோபத்தைக் கிளறும் பதிவை அதிகம் பேர் பார்க்கிறார்கள். அதிகம் பேர் பார்ப்பது அதிக விலைக்குப் போகிறது.

பெரிய ஊடகங்களின் நிலை இதனினும் மோசம். 2009ஆம் ஆண்டு மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது, ஒரே புகழுரை சொல் மாறாமல் வெவ்வேறு மராத்தி நாளேடுகளில் வெவ்வேறு பெயர்களில் செய்தியாக வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். காசுக்குச் செய்தி என்னும் நோய் அன்று நாடறிய வெளிப்பட்டது. அடுத்து வந்தது, காசு கொடுத்துச் செய்தி வாங்குவதற்குப் பதிலாக நிறுவனத்தையே வாங்கிவிடும் கட்டம். 2022 நவம்பர் 29 அன்று தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான விலைப்புள்ளிகள் திறக்கப்பட்டன. 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்டிருந்த அதானி குழுமம் முதலிடம் பெற்றது. என்டிடிவியை நிறுவிய பிரணாய் ராயும் ராதிகா ராயும், அத்தொலைக்காட்சியின் பங்குகளை வைத்திருந்த, அதானி குழுமத்தின் வசமாகிவிட்ட நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகியதும் அதே நாளில்தான். நிலத்தை எடுப்பவரின் கையிலேயே அந்த நிலத்தைப் பற்றிய செய்தியைச் சொல்லும் வாயும் போய்ச் சேர்ந்தது.

தாராவியில் இப்போது பணயமாக இருப்பது என்ன? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. அதற்குப் பின் வந்தவர்களும் மேல்தளத்தில் வாழ்பவர்களும் வெளியே போக வேண்டும். அதற்கும் விலையோ வாடகையோ கொடுக்க வேண்டும். அவ்வாறு அனுப்புவதற்காக ஒதுக்கப்பட்ட இடங்களில் உப்பளங்கள் உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பை கொட்டும் நிலத்தில் 124 ஏக்கரும் உண்டு. ஒரு குடும்பம் எங்கே வாழும் என்பதை ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. 1960களில் நம்மை விரட்டப் பட்டியல் போட்டார்கள். இப்போதும் பட்டியல்தான் போடுகிறார்கள். நம்மிடம் நம் பட்டியல் இருக்கிறதா?

இதில் கிரண்காவ் நமக்கு ஓர் எச்சரிக்கை. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றார்கள். அந்த ஆலைப் பகுதி மக்களின் வாய்மொழி வரலாற்றை மீனா மேனனும் நீரா அதார்க்கரும் திரட்டி நூலாக்கினார்கள். மிகச் சிறந்த பணி. ஆனால் அந்த நூல் வெளிவந்த 2004இல், ஆலை நிலங்கள் வணிக வளாகங்களாகவும் வானளாவிய குடியிருப்புகளாகவும் மாறத் தொடங்கியிருந்தன. தாராவியின் குரல்களும் தாராவி போன பிறகுதான் நூலாக வேண்டுமா?

விளம்பரம் இன்றி, படிக்கக் கட்டணமும் இன்றி இத்தகைய பணியைச் செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டும் இதே நகரத்தில் இருக்கிறது. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் காப்பகம் மும்பையிலிருந்துதான் இயங்குகிறது. உழவரும் நெசவாளரும் மீனவப் பெண்களும் சொல்வது தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் கிடைக்கிறது. கிராமத்துக்குச் செய்ய முடிவதைச் சந்துக்குச் செய்ய முடியாதா?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தோழர்களுக்கு ஓர் யோசனை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் சந்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கட்டும். எந்த வீட்டார் எந்த ஆண்டு வந்தார்கள், எந்தப் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், மேல்தளத்தில் யார் இருக்கிறார்கள், குழாய் எப்போது வந்தது, அதற்கு யார் போராடினார்கள் என்பதையெல்லாம் அந்தச் சந்தின் இளைஞர்களே எழுதட்டும். தமிழர் மட்டுமல்லாது, குஜராத்திக் குயவரும் மராத்தித் தொழிலாளியும் உத்தரப்பிரதேசத்து முஸ்லிம் தையற்காரரும் அதில் இடம் பெறட்டும். எழுதியதை வெளியிடுவதற்கு முன் அந்தச் சந்திலேயே உரக்கப் படித்துக் காட்டட்டும். தவறைத் திருத்தும் உரிமையும், "என் பெயர் வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அங்குள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும். இந்த நோட்டுப் புத்தகம் அரசின் அளவெடுப்புக்கு மாற்றாகாது. சட்டப்படியான ஆவணமும் ஆகாது. ஆனால், விடுபட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல், சந்தாகச் சேர்ந்து எழுந்து கேட்பதற்கு அது துணை நிற்கும்.

இதைச் சொல்லும்போது நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போராட்டப் படத்தைப் பதிவேற்றிவிட்டு, விருப்பக்குறிகள் எத்தனை என்று மணிக்கொரு முறை பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் வந்துவிட்டது. பணம் வராத இடத்திலும் சந்தையின் கணக்கு நம் தலைக்குள் புகுந்துவிட்டது என்பதே இதன் பொருள். இன்னொரு புறம், "கூட்டம் நடைபெற்றது, தோழர் உரையாற்றினார், திரளானோர் கலந்துகொண்டனர்" என்ற வாய்பாட்டுச் செய்திகளையே நம் ஏட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண் என்ன நினைத்து வந்தார் என்பதை எழுதுவதில்லை. லாபத்துக்காக எழுதாமலிருந்தால் மட்டும் போதாது. யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் படித்ததும், "ஆமாம், இது எங்கள் கதைதான்" என்று சொல்ல வேண்டும்.

கொசுவைப் பற்றிப் பாடத் தொடங்கியவர் ஒரு நகரத்தின் தொழிலாளர் குரலாக வளர்ந்தார். அவர் பாடிய லேபர் கேம்ப் நமக்கு நடை தூரத்தில் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் சந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். தீர்மானங்களுக்கு முன்னால் அவற்றை வாசிப்போம்.